கூத்துக் களத்தில் ஒலிப்பதிவு: 16, 24, 32 பிட்டில் எதை வைப்பது?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மாரியம்மன் பண்டிகைப் பம்பையையோ, திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தையோ பதிவு செய்யக் கிளம்புகிறவர்கள் புது ரெக்கார்டரில் முதலில் திணறுவது இந்த மெனுவில்தான்: 16 பிட், 24 பிட், சில கருவிகளில் 32 பிட் ஃப்ளோட். இன்றைக்கே கூத்து என்றால் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு என்று வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நேரம் இருப்பவர்கள் மேலே படியுங்கள். ஏன் 24 என்று புரிந்தால்தான் கெயினை (வரும் ஒலியை ரெக்கார்டர் எவ்வளவு பெருக்குகிறது என்ற அளவை) பயமில்லாமல் குறைத்து வைக்க வரும்.

பிட் கூடினால் என்ன கூடுகிறது

ரெக்கார்டர் ஒலி அலையின் உயரத்தை நொடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக எழுதுகிறது. 16 பிட் என்றால் அந்த உயரத்தைக் குறிக்க 65,536 படிகள், 24 பிட் என்றால் 1,67,77,216 படிகள். சன்ன ஒலிக்கும் பெரும் ஒலிக்கும் உள்ள இடைவெளியை டெசிபலில் அளப்பார்கள். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் கணக்கு. ஆக 16 பிட்டுக்கு 96 டெசிபல், 24 பிட்டுக்கு 144 டெசிபல்.

மேல் எல்லை இரண்டுக்கும் ஒன்றேதான், பூஜ்யம் டெசிபல். அதற்குக் கீழே உள்ளதை மீட்டர் மைனஸில் காட்டும். கிணற்றின் வாய் அதே இடத்தில் இருக்க, ஆழம் மட்டும் கூடுவது போல. அதனால் 24 பிட் வைத்தால் குரல் பளிச்சென்று ஆகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சன்னமான ஒலிக்கும் அடியில் கிடக்கும் இரைச்சலுக்கும் நடுவே இடம் கூடும், அவ்வளவுதான். அந்த 144-உம் முழுதாகக் கைக்கு வராது. மின்சுற்றுக்கென்று ஓர் இரைச்சல் உண்டு. நல்ல கருவிகளே 110, 120 டெசிபலில் நின்றுவிடும். நம் வேலைக்கு அதுவே தாராளம்.

கூத்துக்கு இந்த இடம் ஏன் தேவை? திரைக்குப் பின்னால் வேஷக்காரர் விருத்தத்தை இழுத்துப் பாடும்போது மீட்டர் கீழேயே கிடக்கும். திரை விலகி, சலங்கைக் காலோடு அடவு போட்டு வரும்போது மிருதங்கம், தாளம், முகவீணை எல்லாம் ஒரே மூச்சில் எகிறும். பாட்டுக்கு ஏற்ப கெயினை வைத்தால் அடவில் ஒலி கிழியும். அடவுக்கு ஏற்ப வைத்தால் பாட்டு அடியில் போய்விடும். 16 பிட்டில் உச்சத்தை மைனஸ் 20-இல் நிறுத்தினால் 96-இல் 20 போய் 76 டெசிபல்தான் மிச்சம். பிறகு எடிட்டிங்கில் பாட்டைத் தூக்கும்போது அடியில் உள்ள சொரசொரப்பும் கூடவே ஏறும். 110 டெசிபல் தரும் கருவியில் 24 பிட் வைத்து அதையே செய்தால் 90 மிஞ்சுகிறது.

பழைய கூத்து கேசட்டைக் கணினிக்கு மாற்றுகிறீர்கள் என்றால் 16 பிட்டே போதும். நாடாவின் இரைச்சலே 16 பிட்டின் இரைச்சலைவிட மிக உயரத்தில் இருக்கிறது.

கெயின்

1. ஆட்டோ கெயினை அணையுங்கள். வசனத்துக்கு நடுவே கட்டியங்காரன் மூச்சு வாங்கும் நேரத்தில் அது ஜெனரேட்டர் சத்தத்தை மேலே இழுத்து வந்துவிடும். அப்படிப் பதிவானதைப் பிறகு சரிசெய்ய வழியில்லை.
2. களரி கட்டும்போது (கூத்துத் தொடக்கத்தில்) மேளம் முழுவீச்சில் ஒலிக்கும். அப்போது மீட்டரின் உச்சம் மைனஸ் 18 பக்கம் நிற்கும்படி வையுங்கள். விடியற்காலையில் அதைவிடப் பலமாகப் போகும், ஆனாலும் மைனஸ் 12-ஐத் தொட்டால் பரவாயில்லை.
3. பம்பை என்றால் இன்னும் 6 டெசிபல் குறையுங்கள். மைக்கை இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

மீட்டர் பச்சையிலேயே கிடக்கிறதே என்று கை பரபரக்கும். திருகாதீர்கள். 24 பிட் வைத்ததே அதற்காகத்தான்.

லேப்டாப்பில் பதிவு செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம்

யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), விண்டோஸ், ஆடாசிட்டி (ஒலிப்பதிவு, எடிட்டிங் மென்பொருள்) என்று பயன்படுத்துகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். இன்டர்ஃபேஸ் பெட்டியில் 24 பிட் என்று போட்டிருக்கும். ஆடாசிட்டி தன் தடத்தில் 32 பிட் ஃப்ளோட் என்று காட்டும். உள்ளே வந்து சேர்வதோ 16 பிட்டாக இருக்கலாம். ஆடாசிட்டி காட்டுவது அது சேமிக்கும் முறை. வந்த ஒலி எத்தனை பிட் என்பதை அது சொல்வதில்லை.

மாற்ற வேண்டியவை இரண்டு. கன்ட்ரோல் பேனலில் சவுண்ட், ரெக்கார்டிங், உங்கள் இன்டர்ஃபேஸ், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு என்று போய் 24 பிட் 48000 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஆடாசிட்டியின் ஆடியோ செட்டப்பில் ஹோஸ்ட் (விண்டோஸிலிருந்து ஒலி வந்து சேரும் வழி) என்ற இடத்தில் எம்எம்இ இருந்தால் அதை விண்டோஸ் வாசாபி என்று மாற்றுங்கள். எம்எம்இ, டைரக்ட் சவுண்ட் இரண்டின் வழியாகவும் 24 பிட் வராது. ப்ராஜெக்ட் ரேட்டும் 48000-ஆக இருக்கட்டும்.

மாறியதா என்று சோதிக்க, மைக்கைக் கழற்றிவிட்டு கெயினை அடிமட்டத்தில் வைத்துப் பத்து நொடி பதிவு செய்யுங்கள். ஆம்ப்ளிஃபை எஃபெக்ட்டில் 40 டெசிபல் கூட்டுங்கள், அதையே இன்னொரு முறை செய்யுங்கள். இப்போது மொத்தம் 80 டெசிபல் ஏறியிருக்கும். நொடிக்கு 48,000 முறை அளந்த ஒவ்வொரு அளவும் தனிப் புள்ளியாகத் தெரியும் வரை பெரிதாக்கிப் பாருங்கள். உண்மையான 24 பிட் என்றால் புள்ளிகள் எல்லா உயரத்திலும் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். 16 பிட் என்றால் பூஜ்யம், அதற்கு மேலே சுமார் 0.3, கீழே சுமார் 0.3 என்று படிக்கட்டு மாதிரி அந்தந்த உயரத்தில் மட்டும் நிற்கும், நடுவில் ஒரு புள்ளிகூட இருக்காது. எல்லாமே பூஜ்யத்தில் படுத்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். கெயினைக் கொஞ்சம் ஏற்றி மறுபடி பாருங்கள்.

ராத்திரி முழுக்க நடக்கும் கூத்துக்கு லேப்டாப்பே வேண்டாம் என்பது என் கட்சி. பேட்டரியில் ஓடும் கைரெக்கார்டர் மின்சாரம் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும், அப்டேட் கேட்டு நிற்காது.

32 பிட் ஃப்ளோட் யாருக்கு

ஜூம் எஃப்3, எச்1 எசென்ஷியல் மாதிரிக் கருவிகளில் சன்ன ஒலிக்கு ஒன்று, பெரும் ஒலிக்கு ஒன்று என, ஒலியை எண்ணாக்கும் மாற்றிகள் இரண்டு இருக்கின்றன. இரண்டின் அளவையும் சேர்த்து ஃப்ளோட் எண்ணாக (தசமப் புள்ளி நகரும் எண்ணாக) எழுதுவதால் பூஜ்யம் டெசிபலைத் தாண்டிய ஒலியும் அழியாது. அலை மேலே வெட்டுப்பட்டது போலத் திரையில் தெரிந்தாலும் கெயினை இறக்கினால் முனை திரும்பி வரும். துரியோதனன் படுகளம் போல மைக்கை நட்டுவிட்டுக் கூட்டத்தோடு நகர வேண்டிய இடத்தில், மீட்டர் பார்க்க ஆள் இல்லாதபோது, இதற்கு ஈடே இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவருக்கு 24 போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். மைக்கோ அதற்கு அடுத்த ப்ரீஆம்ப்போ (மைக் ஒலியைப் பெருக்கும் சுற்று) ஒலியைக் கிழித்துவிட்டால் எந்த ஃப்ளோட்டும் மீட்காது. சாதாரண யூஎஸ்பி இன்டர்ஃபேஸை ஆடாசிட்டியில் 32 பிட் ஃப்ளோட்டாகப் பதிவு செய்வதும் இது ஆகாது. அங்கே மாற்றி 24 பிட்தான், உச்சம் அங்கேயே வெட்டுப்பட்டுவிடும்.

ஃப்ளோட் கோப்பின் ஒலி அளவை முதலில் பூஜ்யம் டெசிபலுக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் 24 அல்லது 16 பிட்டாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். வரிசை மாறினால் முனைகள் நிரந்தரமாகப் போய்விடும்.

கார்டில் எவ்வளவு பிடிக்கும்

48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு 16 பிட் சுமார் 690 எம்பி, 24 பிட் 1.04 ஜிபி, 32 பிட் 1.38 ஜிபி. இரவு பத்துக்குத் தொடங்கி காலை ஆறு வரை 24 பிட்டில் எட்டரை ஜிபிக்குள் முடியும். 32 ஜிபி கார்டு போதும். இடத்தை மிச்சம் பிடிக்க 16-க்கு இறங்காதீர்கள். வேவ் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது, சில கருவிகள் 2 ஜிபியிலேயே புதுக் கோப்பு தொடங்கிவிடும். 24 பிட்டில் அது முறையே சுமார் 4 மணி 8 நிமிடம், 2 மணி 4 நிமிடம். காலையில் இரண்டு முதல் நான்கு கோப்பாக இருப்பதைப் பார்த்துப் பதறாமல் அடுத்தடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியில் 16

எடிட்டிங் எல்லாம் முடிந்த பிறகு சிடிக்கோ பகிர்வுக்கோ 16 பிட்டாக மாற்றலாம். அப்போது டிதர் (பிட்டைக் குறைக்கும்போது வரும் சிதைவை மறைக்கக் கலக்கும் மிகச் சன்னமான இரைச்சல்) இருக்க வேண்டும். ஆடாசிட்டியின் ப்ரெஃபரன்சஸ், குவாலிட்டி பகுதியில் ஷேப்டு என்று இருந்தால் சரி. டிதர் இல்லாமல் வெட்டினால் மங்களம் பாடி ஒலி மெல்ல அடங்கும் இடத்தில் மணல் உரசுவது போலக் கேட்கும். ஒரே ஒரு முறை மட்டும் மாற்றுங்கள். 24 பிட் மூலத்தை அழிக்காதீர்கள்.

பின்சேர்க்கை

செல்போன் ரெக்கார்டரில் பிட் எங்கே என்று கேட்கிறார்கள். எம்பி3, எம்4ஏ வகைகளில் சேமிக்கும் செயலிக்கு அப்படி ஓர் அமைப்பே கிடையாது. வேவ் வசதி உள்ள செயலியைத்தான் தேட வேண்டும்.

மைக்செட்காரரிடமிருந்து நேராக வயர் வாங்குவது பற்றியும் ஒன்று. ஆம்ப்ளிஃபயரின் லைன் அவுட்டை ரெக்கார்டரின் மைக் துளையில் செருகினால் 32 பிட் ஃப்ளோட்டிலும் கரகரவென்றுதான் வரும். மெனுவில் உள்ளீட்டை லைன் என்று மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத கருவி என்றால் நடுவில் 40 டெசிபல் அட்டென்யுவேட்டர் (ஒலி அளவைக் குறைக்கும்) வயர் போடுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் வயரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ரெக்கார்டரில் செருகாதீர்கள், கருவி எரிந்துவிடும்.