ஸ்டெம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசம் நெருங்க நெருங்க, கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் உறுமி மேளப் பாட்டு வேலை சூடு பிடித்துவிடும். வீட்டிலேயே பதிவு செய்து, உறுமி, தவில், குரல் என்று குரூப் குரூப்பாக ஸ்டெம் (ஒவ்வொரு குரூப்பின் ஒலிக்கும் தனித்தனிக் கோப்பு) எடுத்து மிக்ஸ் செய்பவருக்கு அனுப்புகிறவர்கள் நிறைய. அந்த ஸ்டெம்களை அடுக்கி ஓட்டினால் நீங்கள் கேட்ட அதே பாட்டு வரவேண்டும். வரவில்லையா, பெரும்பாலும் ரூட்டிங்கில்தான், அதாவது ஒலி போகும் வழியில்தான் கோளாறு.

முதலில் பார்க்க வேண்டியது இரட்டை வழி. எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளில் ஒவ்வொரு மிக்சர் டிராக்கும் முதலிலேயே மாஸ்டரோடு (எல்லா ஒலியும் கடைசியில் சேரும் டிராக்) இணைந்திருக்கும். உறுமியில் வளைகுச்சியால் தேய்க்கும் பக்கத்துக்கு ஒரு மைக், அடிக்கும் பக்கத்துக்கு ஒரு மைக் வைத்துப் பதிந்திருக்கிறீர்கள். இரண்டையும் ஒரு பஸ்ஸுக்கு (ஒரு குரூப்பின் ஒலிகளைச் சேர்க்கும் டிராக்) திருப்பும்போது ‘இந்த டிராக்குக்கு மட்டும்’ என்று தேர்வு செய்யாவிட்டால் பழைய இணைப்பு அப்படியே இருக்கும். ஒரே ஒலி பஸ் வழியாகவும் நேராகவும் மாஸ்டருக்குப் போகும். பஸ்ஸில் ஒலியை மாற்றும் எந்த பிளக்இன்னும் இல்லை, அளவும் மாற்றவில்லை என்றால் சுமார் 6 டெசிபல் கூடும். சத்தம் கூடினால் காதுக்கு நன்றாகத்தான் படும், அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. பஸ்ஸை மியூட் செய்து பாருங்கள். உறுமி இன்னும் கேட்கிறதென்றால் அந்த மைக் டிராக்குகளிலிருந்து நேராக மாஸ்டருக்குப் போகும் இணைப்பை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, மாஸ்டரில் லிமிட்டரை விட்டுவிட்டு ஸ்டெம் எடுப்பது. லிமிட்டர் என்பது ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் அடக்கும் பிளக்இன். அது மொத்த ஒலியைப் பார்த்துத்தான் அடக்கும். தவில் மட்டும் தனியாகப் போனால் அந்த அளவை எட்டாமல் போகலாம், லிமிட்டரும் சும்மா இருந்துவிடும். அப்புறம் ஸ்டெம்களைக் கூட்டினால் பழைய மிக்ஸ் எப்படி வரும்? மாஸ்டரில் உள்ளதை அணைத்துவிட்டு எடுங்கள். லிமிட்டர் போட்ட மிக்ஸை ஒப்பிட்டுக் கேட்கத் தனியாக அனுப்பலாம். குரூப்பின் பஸ்ஸில் இருக்கும் கம்ப்ரெஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் பிளக்இன்) வேறு கதை. உறுமியின் அந்த முனகலை மேலே கொண்டுவருவதே அதுதான் என்றால் அணைக்காதீர்கள், இரண்டு மைக்கையும் சேர்த்து ஒரே ஸ்டெமாக எடுங்கள். பிரித்து எடுத்தால் கம்ப்ரெஸர் வேறு மாதிரி வேலை செய்யும்.

குரலும் நாதஸ்வரமும் ஒரே ரிவெர்ப்பை (எதிரொலிப்பு சேர்க்கும் பிளக்இன்) பகிர்ந்தால், அது எந்த ஸ்டெமில் சேரும் என்பதே குழப்பம். சில சமயம் இரண்டு முறை பதிவாகிவிடும். குரூப்புக்கு ஒரு ரிவெர்ப் வைத்து, அதன் வெளியீட்டை அதே குரூப்புக்குள் விடுவதுதான் நல்லது.

மற்றவை சின்ன விஷயங்கள். எல்லா ஸ்டெமும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே தொடங்கட்டும். ஒவ்வொரு கோப்பின் சத்தத்தையும் உச்ச அளவுக்கு ஏற்றும் நார்மலைஸ் வேண்டாம், ஸ்டெம்களுக்கு இடையே உள்ள சத்த அளவு கலைந்துவிடும். எம்பி3 கோப்பின் தொடக்கத்தில் சிறு இடைவெளி சேர்ந்துகொள்ளும், தாளம் நகரும். எம்பி3க்குப் பதில் 24 பிட் வேவ் (WAV) கோப்பு போதும்.

அனுப்பும் முன் ஸ்டெம்களைப் புதிய புராஜெக்டில் போட்டு, லிமிட்டர் இல்லாத மிக்ஸின் ஃபேஸைத் தலைகீழாக்கி (ஒலி அலையைக் கவிழ்த்து) சேர்த்து ஓட்டுங்கள். இரண்டும் ஒன்றேயானால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்றும் கேட்கக்கூடாது. குரல் மிஞ்சிக் கேட்டால் குரல் குரூப்பைத் திறந்து பாருங்கள். கோரஸ் போல ஒவ்வொரு முறையும் சற்று மாறி ஒலிக்கும் பிளக்இன் இருந்தால் லேசாக ஏதோ மிஞ்சும், அதை விட்டுவிடலாம்.