விஜயேட்டனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளிடம் ஐ.எம். விஜயன் படத்தைக் காட்டினால், 'திமிரு' வில்லன் என்பார்கள். இன்னும் சின்னவர்கள் 'பிகில்'லில் பார்த்தோம் என்பார்கள். தப்பில்லை, அதுவும் அவர்தான். ஆனால் நேரில் பார்க்கும்போது அதையே முதல் பேச்சாக எடுத்துவிட்டால், இந்தியக் கால்பந்தின் மிகச் சிறந்த ஃபார்வர்டு ஒருவரோடு கிடைத்த ஒன்றரை நிமிடம் சினிமாவிலேயே கரைந்துவிடும். அந்த ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கிடைப்பது அபூர்வம். எனக்கு அந்த ஒன்றரை நிமிடம் இரண்டு தடவை கிடைத்தது.

முதல் தடவை திருச்சூர் ரயில்வே ஸ்டேஷனில். கூட்டத்தில் அவரைக் கண்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஓடிப்போய் போனை நீட்டினேன், பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன், நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வண்டி ஷொரணூர் தாண்டும்போதுதான் உறைத்தது: பதினைந்து வயதிலிருந்து நான் கொண்டாடும் மனிதரிடம் அவர் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எங்கே போய்ப் பார்ப்பது? வீட்டைத் தேடிப் போகாதீர்கள். முகவரி யாராவது சொன்னாலும் வேண்டாம். வீடு அவருடையது, மைதானம்தான் நமக்கும் அவருக்கும் பொது. நவம்பரிலிருந்து மே வரை மலப்புறம், பாலக்காடு, திருச்சூர் பக்கம் செவன்ஸ் ஆட்டங்கள் நடக்கும். பக்கத்துக்கு ஏழு பேர், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில், மூங்கிலும் கமுகும் வைத்துக் கட்டிய காலரியில் ஊரே உட்கார்ந்திருக்கும். இறுதி ஆட்டத்துக்குப் பழைய வீரர்களைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுவது அங்கே வழக்கம். ஊர் முழுக்க ஃபிளக்ஸ் வைப்பார்கள், யார் வருகிறார் என்று அதிலேயே பெரிதாகப் போட்டிருக்கும். பள்ளிப் போட்டிகளின் தொடக்க விழா, கோடைக்காலப் பயிற்சி முகாம் இவையும் நல்ல இடங்கள். போட்டி நடத்தும் கிளப்பின் செயலாளரை முன்கூட்டியே பிடித்து, "கோயம்புத்தூரிலிருந்து பிள்ளைகளோடு வருகிறோம்" என்று சொல்லி வையுங்கள். பந்தாட்டத்துக்காக எல்லை தாண்டி வருகிறவர்களை அவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது படிப்பு. இதில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் வாழ்க்கையின் வழித்தடம் தெரிந்திருக்க வேண்டும். 1969-இல் திருச்சூரில் பிறந்தவர். சிறுவயதில் அங்குள்ள முனிசிபல் ஸ்டேடியத்தில் ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்கு சோடா விற்றவர். 1987-இல், பதினெட்டு வயதில், கேரள போலீஸ் அணிக்கு வந்தார். அந்த அணி 1990-இல் திருச்சூரிலேயே கோவாவின் சல்கோக்கர் அணியைத் தோற்கடித்து, இந்தியக் கிளப் அணிகளுக்கான ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. கேரளத்திலிருந்து ஒரு அணி அந்தக் கோப்பையைத் தொட்டது அதுதான் முதல் முறை. மறு வருடமும் அவர்களே வென்றார்கள். சோடா விற்ற ஊரிலேயே, இருபத்தொரு வயதில், கோப்பையோடு நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் கொல்கத்தா. அங்கே பரம எதிரிகளான மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கிளப்புகள் இரண்டுக்கும் ஆடினார். அந்த ஊர் ரசிகர்கள் எதிரணிக்குப் போனவரை லேசில் மன்னிப்பவர்கள் இல்லை. அவர்களே இவருக்கு 'காலோ ஹரின்' என்று பெயர் வைத்தார்கள், கருப்பு மான் என்று அர்த்தம். பஞ்சாபில் ஜே.சி.டி., பிறகு எஃப்.சி. கொச்சின். 1999 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய பன்னிரண்டாவது விநாடியில் கோல். 2003-இல் ஹைதராபாத் ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு கோல் அடித்து, அதிக கோல் அடித்தவராக நின்று, இந்தியாவுக்கு வெள்ளி வாங்கிக் கொடுத்துவிட்டு, முப்பத்து நான்கு வயதில் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். 2025-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இதில் உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் பழைய கோல்கள் கொஞ்சம் கிடைக்கும், மங்கலாகத்தான் இருக்கும். அதில் பந்தைப் பார்க்காதீர்கள், பந்து வருவதற்கு முன் அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். டிஃபெண்டருக்கு ஒரு அடி பின்னால், பாதி திரும்பியபடி. என் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் அதை மட்டும்தான் போட்டுக் காட்டினேன்.

முடிந்தால் சந்திப்புக்கு முன்னால் ஒரு பகல் திருச்சூரில் இருங்கள். கோவையிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். ஸ்டேடியத்தைப் பாருங்கள். அப்படியே லாலூருக்கு ஒரு ஆட்டோ பிடியுங்கள். ஊர்க் குப்பையெல்லாம் வருடக்கணக்கில் கொட்டிக்கிடந்த இடம் அது. அங்கே இப்போது அவர் பேரில் விளையாட்டு வளாகம் கட்டியிருக்கிறார்கள். ஒரு ஆட்டக்காரனுக்கு ஊர் செய்யும் மரியாதை என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

சந்திக்கும் நேரம். எங்களுக்கு அது பெரிந்தல்மண்ணா பக்கத்தில் ஒரு செவன்ஸ் இறுதி ஆட்டத்தில் அமைந்தது. ஆறு பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். சாப்பிடும்போதும், மேடைக்குப் போகும் வழியிலும் மறிக்காதீர்கள். பரிசளிப்பு முடிந்து கூட்டம் கலையும் நேரம்தான் நல்லது. 'சார்' என்று கூப்பிடலாம். அங்கே எல்லோரும் சொல்வதுபோல 'விஜயேட்டா' (விஜயன் அண்ணா) என்றால் இன்னும் இயல்பாக இருக்கும். மலையாளம் வராதே என்று கவலைப்பட வேண்டாம், தமிழிலேயே மெதுவாகப் பேசுங்கள்.

என்ன பேசுவது? இந்திய கால்பந்து ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், அது ஒன்றரை நிமிடத்தில் முடிகிற பேச்சில்லை. நீங்கள் பார்த்த அந்த ஒரு ஆட்டத்தைச் சொல்லுங்கள். கேள்வி கேட்பதானால் கூட ஆடியவர்களைப் பற்றிக் கேளுங்கள்: பாப்பச்சன், ஷரஃப் அலி, அஞ்சேரி. கோல் அடித்தவரிடம் பாஸ் கொடுத்தவரைப் பற்றிக் கேட்டால் முகம் மலரும். நான் சந்தித்த பழைய ஃபார்வர்டுகள் எல்லோரிடமும் இதைப் பார்த்திருக்கிறேன்.

கேரள போலீஸில் அவரோடு ஆடிய சத்யன் பெயரை நான் எடுக்கவில்லை, நினைத்தேன். 1995 டிசம்பரில் நான் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நேரு ஸ்டேடியத்தில் தெற்காசியப் போட்டி இறுதி ஆட்டம், வி.பி. சத்யன் தலைமையில் இந்தியா பங்களாதேஷை வென்று தங்கம் வாங்கியது. காலரியில் தொண்டை கட்டும்வரை கத்தினேன். பிறகு அவர் சென்னையிலேயே இந்தியன் வங்கியில் வேலை பார்த்து, அந்த அணிக்கு ஆடினார். லீக் ஆட்டம் முடிந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னாலேயே நடந்து போயிருக்கிறார். கூச்சம், அடுத்த தடவை பேசலாம் என்று இருந்துவிட்டேன். 2006-இல் அவர் இறந்துபோய்விட்டார். உங்கள் ஊரிலும் மாநில அணிக்கு ஆடிய ஒருவர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். இந்த வாரமே போய்ப் பேசுங்கள்.

கையெழுத்து வாங்க வேண்டும் என்றால் சில விஷயங்கள். பால் பாயிண்ட் பேனா பந்தில் பிடிக்காது, பெர்மனெண்ட் மார்க்கர் கறுப்பில் இரண்டு கொண்டு போங்கள், ஒன்று காய்ந்திருக்கும். பந்தில் காற்று முழுதாக இருக்கட்டும், வெள்ளைப் பகுதியைத் துடைத்து மேலே வரும்படி பிடியுங்கள். போட்டபின் இரண்டு நிமிடம் தொடாதீர்கள். எங்கள் பந்தை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கொடுத்தாள், எங்கள் அணியின் லெஃப்ட் விங்கர். விஜயேட்டன் கையெழுத்துப் போடுவதற்கு முன் பந்தைக் கீழே விட்டு, செருப்புக் காலால் பின்னால் இழுத்து, ஒரு புரட்டுப் புரட்டி மேலே தூக்கிக் கையில் பிடித்தார். அவ்வளவுதான். வண்டியில் திரும்பும்போது பிள்ளைகள் யாரும் கையெழுத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கணுக்கால் எப்படித் திரும்பியது என்றுதான் வாளையார் வரை சண்டை.

படம் எடுத்தால் வாட்ஸ்அப்பில் போடுவதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு பிரிண்ட் போட்டு, கிளப் செயலாளர் வழியாக அவருக்கும் ஒன்று அனுப்புங்கள். அவரிடம் இப்படிப் படங்கள் ஆயிரம் சேர்ந்திருக்கும். அதனால் பின்பக்கம் ஊர், தேதி, ஆட்டம் மூன்றையும் எழுதுங்கள். பிள்ளைகள் பெயரையும், ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்தில் எந்த இடத்தில் ஆடுகிறார்கள் என்பதையும்.