பழைய வேனுக்கு வீல் வாங்குகிறீர்களா? துளையை எண்ணுவதற்கு முன் எடையைப் பாருங்கள்

பழைய வேனுக்கு வீல் தேடுகிற எல்லோரும் முதலில் கேட்பது "அஞ்சு போல்ட்டா, ஆறு போல்ட்டா?" என்றுதான். போல்ட் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் வீல் ஏறவே ஏறாது, அதனால் அந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். எடை அப்படியில்லை. காருக்காகச் செய்த அலாய் வீல் சில வேன்களில் கச்சிதமாக உட்காரும், போல்ட்டும் ஏறும், காலியாக ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் எட்டு ஒன்பது பேரும் அவர்கள் மூட்டை முடிச்சும் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கினால் ரிம்மில் விரிசல் விழலாம். வீட்டு ஆட்களை ஏற்றிப் போகிற வண்டி, எடையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஓட்டுநர் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒரு தகடு இருக்கும். முன் ஆக்சில், பின் ஆக்சில் ஒவ்வொன்றும் அதிகபட்சம் எத்தனை கிலோ தாங்கலாம் என்று அதில் போட்டிருப்பார்கள். பின் ஆக்சிலுக்கு 1450 கிலோ என்றால் ஒரு வீலுக்கு 725. வாங்கப்போகிற வீலைத் திருப்பி, ஆரங்களின் உள்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் அது தாங்கும் எடை வார்ப்பிலேயே இருக்கும். 690 என்று இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காமல் வைத்துவிடுங்கள். எண்ணும் இல்லை, தயாரித்தவர் தரும் விவரமும் இல்லை என்றால் அதையும் வைத்துவிடுங்கள்.

டயருக்கும் இதே கணக்கு உண்டு. அளவுக்குப் பின்னால் வரும் எண்தான் எடைக் குறியீடு: 98 என்றால் 750 கிலோ, 104 என்றால் 900 கிலோ. வேன் டயரில் அளவோடு ஒரு 'சி' சேர்ந்து, அப்புறம் 104/102 என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண் ஒற்றை வீலுக்கு, அடுத்தது பக்கத்தில் பக்கத்தில் இரட்டையாக மாட்டும் வீலுக்கு. 'சி' டயரோடு வந்த வண்டியில் சாதாரண கார் டயரைப் போடாதீர்கள்.

சரி, இப்போது போல்ட். துளைகளின் மையங்களைத் தொட்டு ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம்தான் பிசிடி. வோக்ஸ்வாகன் டி4 வேனுக்கு 5 போல்ட், 112 மி.மீ.; அதற்கு அடுத்து வந்த டி5-க்கும் 5 போல்ட்தான், ஆனால் 120. பெயரும் தோற்றமும் ஒன்றாக இருக்கிறதே என்று நம்பி வாங்க முடியாது. நான்கு, ஆறு துளை என்றால் எதிரெதிர் துளைகளை அளந்தால் போதும். ஐந்து துளைக்கு எதிர்த்துளை கிடையாது, அதனால் அடுத்தடுத்த இரண்டு துளைகளை அளக்க வேண்டும்: ஒன்றின் இடது விளிம்பிலிருந்து மற்றதின் இடது விளிம்பு வரை வெர்னியரில் எடுத்தால் அதுவே மையத்துக்கு மையம், அதை 1.701-ஆல் பெருக்குங்கள். பிசிடி 112 என்றால் துளைக்குத் துளை 65.8 மி.மீ. இருக்கும், 114.3 என்றால் 67.2. வித்தியாசம் வெறும் 1.4 மி.மீ.! டேப்பில் அளந்தால் கண்டிப்பாக ஏமாறுவீர்கள். ஸ்பானரைப் போட்டு இழுத்தால் தவறான வீலும் ஏறிவிடும் என்பதுதான் இதில் பயம், போல்ட் சாய்ந்தபடி இறுகி ஓட ஓடத் தளரும்.

நடுத்துளையை நானே ஒருமுறை கவனிக்காமல் விட்டேன். மாற்றிய வீலோடு 80-ஐத் தாண்டினாலே ஸ்டீயரிங் நடுங்கும். இரண்டு முறை பேலன்சிங் செய்தும் போகவில்லை. கழற்றிப் பார்த்தால் வீலின் நடுத்துளை 66.6, அதற்குள் நுழையும் ஹப் (வண்டியில் வீல் மாட்டும் நடுப்பாகம்) 57.1, சுற்றிலும் கிட்டத்தட்ட 5 மி.மீ. காற்று. விற்றவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அளவான வளையம் ஒன்றைச் செருகியதும் நடுக்கம் போய்விட்டது. துளை பெரிதாக இருந்தால் வளையத்தால் சரிசெய்யலாம், சிறிதாக இருந்தால் வேறு வீல் பாருங்கள்.

அடுத்தது ஆஃப்செட், வீலில் 'ஈடி' என்று இருக்கும். வீலின் அகலத்துக்கு நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் அமரும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாக இருக்கிறது என்பதுதான் அந்த எண். அது குறைந்தால் வீல் வெளியே தள்ளும். 6 அங்குலம் ஈடி 55-க்குப் பதில் 7 அங்குலம் ஈடி 45 போட்டால், அகலத்தால் இரு பக்கமும் 12.7, ஆஃப்செட்டால் 10. ஆக வெளியே 22.7 மி.மீ. நீளும், உள்ளே 2.7 மட்டும். இந்த 22.7 மட்கார்டைத் தாண்டலாம், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். இழுவைக் கதவுள்ள வேனில், கதவை முழுக்கத் திறந்தால் பின் டயரில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

டயரின் மொத்த உயரம் பழையதிலிருந்து 3 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 195/70 ஆர்15 சுமார் 654 மி.மீ., 215/60 ஆர்16 சுமார் 664, இது தாராளமாகச் சரி.

ஒரு விஷயம், இப்போது வண்டியில் மாட்டியிருப்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். இத்தனை வருடத்தில் யார் யாரோ மாற்றியிருப்பார்கள். கையேட்டைப் பாருங்கள், கதவுத் தூண் ஸ்டிக்கரைப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு வீலை மாட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஹப்பின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, பிரேக் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) மேல் சிறு களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி, வீலை மாட்டிக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உங்களுக்கு இருக்கிற இடைவெளி, 3 மி.மீ.க்குக் கீழ் என்றால் வேண்டாம். அப்புறம் ஜாக்கியை இறக்கி ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடியுங்கள். பழைய வண்டியின் ஸ்பிரிங் தொய்ந்திருக்கும், ஆள் ஏறினால் இன்னும் இறங்கும், அதனால் பின்னால் நாலு பேரை உட்கார வைத்தே பாருங்கள்.

போல்ட் அல்லது நட்டின் முகம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்பது வீலின் குழியோடு ஒத்துப்போக வேண்டும். அலாய் வீலில் போல்ட் நுழையும் இடம் தடிமன் அதிகம், அதனால் பழைய போல்ட்டின் மரை பல சுற்று குறைவாகவே பிடிக்கும். அதற்காக ரொம்ப நீளமானதைப் போட்டால் பிரேக் டிரம்முக்குள் போய் உரசும். ஸ்டெப்னி இரும்பு ரிம்மாகவே இருந்தால் அதற்கான பழைய போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு ஜாக்கியோடு வையுங்கள்.

மாட்டி 50 கிலோமீட்டர் ஓடியதும், கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் ஸ்பானர்) எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை இறுக்குங்கள்.