இரண்டு நாள் திரளில் லங்காஷயர் சீஸ்

வடமேற்கு இங்கிலாந்தின் பாரம்பரிய லங்காஷயர் சீஸுக்கு ஒரு நாள் பால் போதாது. முதல் நாள் திரளில், அதாவது உறைந்த பாலின் கட்டியில், புளிப்பு ஏறியிருக்கும், மறுநாள் திரளில் குறைவு. இரண்டும் கலப்பதால்தான் வெண்ணெய் போன்ற மென்மையும் உதிரும் தன்மையும் சேர்ந்து வருகின்றன.

5 லிட்டர் பசும்பாலை 30 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி மீசோபிலிக் கல்ச்சர் (மிதமான சூட்டில் பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா) சேருங்கள். 45 நிமிடம் கழித்து, குளிர்ந்த நீரில் கரைத்த ரென்னட்டை (பாலை உறையவைக்கும் நொதி) ஊற்றுங்கள். யூஹெச்டி பால் வேண்டாம்; கொதிநிலையைத் தாண்டிச் சூடானது, கெட்டியாக உறையாது. பால் உறைந்ததும் கத்தி விட்டுத் தூக்கினால் பிளவு சுத்தமாக விரிந்து, தெளிந்த நீர் ஊற வேண்டும். அப்போது 1 செ.மீ. துண்டுகளாக வெட்டி, மெதுவாகக் கிளறி, துணியில் வடியுங்கள். திரளைக் கையால் உடைத்து லேசாக அழுத்துவதைச் சில முறை செய்து, உப்பில்லாமல் மூடி இரவு வையுங்கள். உப்பிட்டால் புளிப்பது மந்தமாகிவிடும். அறை வெப்பம் அதிகமானால் எல்லை மீறிப் புளித்து, சீஸ் வறண்டுபோகும்.

மறுநாள் இதே முறையில் அதே அளவு புதுத் திரள் எடுத்து, இரண்டையும் சுண்டைக்காய் அளவுக்கு உதிர்த்து, எடையில் 2 சதவீதம் உப்பு கலந்து அச்சில் அழுத்துங்கள். துணி சுற்றி வெண்ணெய் பூசி, 12 டிகிரியில் குறைந்தது 6 வாரம் முதிரட்டும்.