ஜிபிஐஎஃப் தரவு: பதிவிறக்க டிஓஐ எண்ணையே மேற்கோள் காட்டுங்கள்

ஜிபிஐஎஃப் (GBIF) என்னும் உலகளாவிய பல்லுயிர்த் தரவுத்தளத்திலிருந்து உயிரினப் பதிவுகளை எடுத்து ஆய்வுக் கட்டுரை எழுதுவோர், தளத்தின் முகவரியோடு நின்றுவிடாமல், பயனர் கணக்கில் நுழைந்து பதிவிறக்கும்போது அந்தப் பதிவிறக்கத்துக்கென்றே வழங்கப்படும் டிஓஐ எண்ணையும் (DOI, இணையத்தில் ஒரு தரவையோ கட்டுரையையோ நிலையாகச் சுட்டும் அடையாள எண்) தேதியையும் மேற்கோள் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒரே பதிவிறக்கத்தில் பல அருங்காட்சியகங்களும் உலர்தாவரக் காப்பகங்களும் பறவை நோக்கர்களும் திரட்டிய எண்ணற்ற தொகுப்புகள் கலந்திருக்கக்கூடும். அனைத்தையும் தனித்தனியே பட்டியலிட எந்த இதழும் எளிதில் இடம் தராது. அந்த ஒற்றை எண் ஒவ்வொரு தொகுப்புடனும் இணைக்கப்பட்டிருப்பதால், தரவை உருவாக்கியவர்களின் கணக்கில் உங்கள் மேற்கோள் தானாகவே சேர்கிறது. நன்றியுரையில் போகிறபோக்கில் எழுதும் வரிக்கு அந்தப் பயன் இல்லை. நீங்கள் இட்ட வடிகட்டிகளும் அந்த எண் இட்டுச்செல்லும் பக்கத்தில் பதிவாகியிருக்கும் என்பதால் ஆய்வுமுறைப் பகுதியை எழுதுவதும் சுலபம்.

பதிவிறக்காமல், நிரல்வழித் (API) தேடல் முடிவுகளை மட்டும் நேரடியாக எடுத்துக்கொண்டால் இந்த எண் கிடைக்காது. பதிவிறக்கியபின் பதிவுகளில் பெரும்பகுதியை நீக்கிவிட்டாலும் பழைய எண் பொருந்தாது. எஞ்சியவை எந்தெந்தத் தொகுப்புகளைச் சேர்ந்தவை, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று அதே தளத்தில் ‘வழிவந்த தரவுத்தொகுப்பாக’ (derived dataset) பதிவுசெய்து புதிய எண் பெற வேண்டும்.