பழைய கணினியில் எக்ஸ்எஃப்சிஇ சூழலை நிறுவுதல்

க்னோம் என்ற திரைமுகப்புச் சூழலுடன் டெபியன் லினக்ஸ் இயங்கும் பழைய மடிக்கணினி திணறுகிறது என்றால், முதலில் சிஸ்டம் மானிட்டரைத் திறந்து நினைவகம் எதற்குச் செலவாகிறது என்று பார்க்க வேண்டும். உலாவியின் தாவல்களே ரேமை நிரப்புகின்றன என்றால் எந்தச் சூழலுக்கு மாறினாலும் பெரிய பயன் இராது. எந்தச் செயலியையும் திறக்காத நிலையிலேயே கணினி தள்ளாடினால்தான், க்னோமைவிட இலகுவான எக்ஸ்எஃப்சிஇ சூழலுக்கு மாறுவது கைகொடுக்கும்.

4 ஜிபி ரேம் இருந்தால், 1996இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கி இன்றுவரை நிதானமாக வளர்ந்துவரும் எக்ஸ்எஃப்சிஇ போதும் என்பது என் கருத்து. 2 ஜிபி மட்டுமே இருந்தால் எல்எக்ஸ்க்யூடி என்ற மற்றொரு இலகுவான சூழலை முயலலாம். முழுச் சூழலாக இல்லாமல் சாளரங்களை மட்டும் கையாளும் ஓப்பன்பாக்ஸ் போன்ற வெறும் சாளர மேலாளர் இன்னும் இலகுவானதுதான். ஆனால் ஒலியளவுப் பொத்தான் முதல் வைஃபை வரை ஒவ்வொன்றையும் நாமே அமைக்க வேண்டியிருக்கும்.

மென்பொருள் பொதிகளை நிறுவவும் நீக்கவும் உதவும் சினாப்டிக்கில் 'எக்ஸ்எஃப்சிஇ4', 'எக்ஸ்எஃப்சிஇ4-குட்டீஸ்' ஆகிய இரண்டு பொதிகளையும் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். இடையில் ஜிடிஎம்3, லைட்டிஎம் இரண்டில் எது உள்நுழைவுத் திரையாக இருக்க வேண்டும் என்ற கேள்வி வந்தால், இப்போதைக்குப் பழைய ஜிடிஎம்3-ஐயே வைத்துக்கொள்ளலாம். பிறகு வெளியேறி, பயனர் பெயரைச் சொடுக்கி, கடவுச்சொல் கேட்கும் திரையின் வலது கீழ் மூலையில் தெரியும் பற்சக்கரக் குறியில் எக்ஸ்எஃப்சிஇ அமர்வைத் தேர்ந்தெடுத்து உள்ளே செல்லுங்கள்.

வரைகலைச் சில்லு மிகப் பழையது என்றால், அமைப்புகளில் சாளர மேலாளர் நுணுக்கங்களுக்குச் சென்று, கம்பாசிட்டர் (சாளரங்களுக்குக் காட்சி விளைவுகளைச் சேர்க்கும் பகுதி) தாவலில் உள்ள முதல் தேர்வை நீக்குங்கள். நிழலும் ஒளிபுகும் தன்மையும் போய்விடும், ஆனால் சாளரங்களை நகர்த்தும்போது வேறுபாடு தெரியும். காணொளியில் படம் குறுக்காகக் கிழிவதுபோல் தோன்றினால் அதை மீண்டும் இயக்கிவிடுவதே நல்லது.

தமிழில் தட்டச்சு செய்வோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பிறமொழித் தட்டச்சுக்கு உதவும் ஐபஸ் மென்பொருள் க்னோமுக்குள்ளேயே பிணைந்திருப்பதால் அங்கே தமிழ்99 தானாகவே வேலை செய்திருக்கும். எக்ஸ்எஃப்சிஇயில் 'ஐஎம்-கான்ஃபிக்' கருவியைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்த பின், ஒருமுறை வெளியேறி உள்நுழைய வேண்டும்.

சில நாள்கள் புழங்கிப் பார்த்து மனநிறைவு ஏற்படும்வரை க்னோமை நீக்காதீர்கள். அது வட்டில் இடம்பிடிக்குமே தவிர, எக்ஸ்எஃப்சிஇ அமர்வில் ரேமைப் பெரிதாகத் தின்னாது. நீக்கும்போது சினாப்டிக் காட்டும் பட்டியலை முழுவதும் படித்து, வைஃபைக்கு வேண்டிய நெட்வொர்க் மேலாளர் அதில் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே ஒப்புதல் கொடுங்கள்.