ஜவ்வரிசி ஆலை மண்ணிலிருந்து அமைலேஸ் சுரக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து அளப்பது எப்படி

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஜவ்வரிசி ஆலைகளைச் சுற்றியுள்ள மண், மாவுச்சத்தைச் சிதைக்கும் பாக்டீரியாக்களைத் தேடும் மாணவருக்கு மிகவும் ஏற்ற இடம். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் பிழிந்தபின் எஞ்சும் திப்பி காயப்போடும் களமும், கழிவுநீர் ஓடும் வாய்க்காலின் ஓரமும் ஆண்டுக்கணக்கில் மாவுச்சத்தில் ஊறியவை. அங்கே பிழைத்திருக்கும் நுண்ணுயிர்களில் பல, அமைலேஸ் என்னும் நொதியைச் செல்லுக்கு வெளியே சுரந்து, மாவுச்சத்தைச் சிறு சர்க்கரைகளாக வெட்டி, அவற்றை உறிஞ்சி வாழ்கின்றன. தாவரங்களும் இதே வேலையைச் செய்கின்றன. 1833இல் பயேன், பெர்சோ என்னும் இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் முளைவிட்ட பார்லியிலிருந்து பிரித்தெடுத்த டயஸ்டேஸ்தான் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட நொதி.

இந்த ஆய்வை முதுகலை மாணவர் ஒருவர் மூன்று மாதங்களுக்குள் முடித்துவிடலாம். ஆனால் எளிதானது என்பதனாலேயே பல ஆய்வேடுகள், வளர்ப்பு ஊடகம் உறைந்த அகார் தட்டில் பாக்டீரியாத் திரளைச் சுற்றி மாவுச்சத்து வெட்டப்பட்டுத் தெரியும் ஒளிவட்டத்தின் படத்தோடு நின்றுவிடுகின்றன. ஒளிவட்டம் ஒரு தடயம் மட்டுமே. சரியான ஒப்பீட்டுக் குழாய்களோடு அளந்து எண்ணாக்கிய பிறகே அது சான்றாகும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

மண் எடுத்தலும் முதல் நீர்த்தலும்

ஆலை உரிமையாளரிடம் அனுமதி பெற்ற பின், மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு 5 முதல் 10 செ.மீ. ஆழத்திலிருந்து, நுண்ணுயிர் நீக்கிய கரண்டியால் ஐந்து இடங்களில் மண் எடுத்து ஒன்றாகக் கலக்கவும். இடம், நாள், மண்ணின் வெப்பநிலை, பி.எச். ஆகியவற்றை அங்கேயே குறிப்பேட்டில் எழுதிவிடவும். திரும்பி வந்து எழுதலாம் என்று விட்டவை பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. மாவுச்சத்துப் படாத வயல் ஒன்றிலிருந்தும் ஒரு மாதிரி எடுப்பது நல்லது. அது இல்லாமல் ஆலை மண் சிறந்தது என்று கூற உங்களுக்கு அடிப்படையே இராது. மாதிரிகளைக் குளிர்பெட்டியில் கொண்டுவந்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தவும்.

சலித்த மண்ணில் 1 கிராமை 9 மில்லிலிட்டர் 0.85 சதவீத உப்புக் கரைசலில் கலக்கி, 80 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் வைக்கவும். இந்தச் சூட்டில் சாதாரண செல்கள் மடிந்துவிடும். எண்டோஸ்போர் என்னும் கடினமான உறங்குநிலை வடிவில் இருக்கும் பேசில்லஸ் இனங்கள் தப்பிக்கும். நீர்க்குளியல் 80 டிகிரி காட்டினால் குழாய்க்குள் இருப்பதும் 80 டிகிரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே அளவு நீர் நிரப்பிய இன்னொரு குழாயில் வெப்பமானியை இட்டு, அது 80ஐத் தொட்ட பிறகே நேரத்தைக் கணக்கிடவும். இந்தப் படிநிலையால் பூஞ்சைகளையும் ஸ்போர் இல்லாத பாக்டீரியாக்களையும் இழக்கிறீர்கள். தெரிந்தே செய்யும் தேர்வு அது என்பதை ஆய்வேட்டில் எழுதவும்.

அதன்பின் ஒவ்வொரு முறையும் 1 மில்லிலிட்டரை 9 மில்லிலிட்டர் உப்புக் கரைசலுக்கு மாற்றிப் பத்து மடங்கு பத்து மடங்காக நீர்க்கவும். ஒவ்வொரு குழாய்க்கும் பைபெட் முனையை மாற்ற வேண்டும். ஆயிரம், பத்தாயிரம், இலட்சம் மடங்கு நீர்த்த மூன்று குழாய்களிலிருந்தும் 0.1 மில்லிலிட்டர் எடுத்துத் தட்டில் பரப்பினால், ஏதேனும் ஒன்றில் எண்ணத்தக்க 30 முதல் 300 வரையிலான காலனிகள் (பாக்டீரியா பெருகி உண்டாகும் திரள்கள்) கிடைக்கும்.

ஸ்டார்ச் அகார் தட்டு

ஒரு லிட்டருக்குக் கரையும் ஸ்டார்ச் 10 கிராம், பெப்டோன் 5 கிராம், ஈஸ்ட் சாறு 3 கிராம், சோடியம் குளோரைடு 5 கிராம், அகார் 15 கிராம், பி.எச். 7.0. ஸ்டார்ச்சைக் கொதிநீரில் நேரடியாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். கேழ்வரகுக் கூழுக்கு மாவைத் தண்ணீரில் கரைத்து உலையில் ஊற்றுவதுபோல, முதலில் குளிர்ந்த நீரில் குழைத்துப் பிறகு சேர்க்கவும். குளுக்கோஸ் சேர்க்க வேண்டாம்; எளிதில் கிடைக்கும் சர்க்கரை இருக்கும்போது பேசில்லஸ் அமைலேஸ் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் நுண்ணுயிர் நீக்கல்) செய்து, ஒவ்வொரு தட்டிலும் சரியாக 20 மில்லிலிட்டர் ஊற்றவும். அகாரின் தடிமன் மாறினால் ஒளிவட்டத்தின் அளவும் மாறும். தட்டுகளின் மேல் ஈரம் இருந்தால் பேசில்லஸ் படர்ந்து ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால், பரப்புவதற்கு முன் அவற்றை நன்கு உலர்த்தவும்.

37 டிகிரியில் 24 மணி நேரம் வளர்ந்த காலனிகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, நுண்ணுயிர் நீக்கிய பற்குச்சியால் இரண்டு புதிய தட்டுகளில் ஒரே கட்ட எண்களில் தொட்டு வைக்கவும். ஒரு தட்டில் அயோடின் ஊற்றலாம். மற்றொன்று உயிரோடு இருக்க வேண்டும். அயோடின் காலனிகளைக் கொன்றுவிடும். நான் மாணவனாக இருந்தபோது இந்த இரண்டாம் தட்டைச் சோம்பலால் விட்டுவிட்டு, எல்லாவற்றிலும் பெரிய ஒளிவட்டம் காட்டிய காலனியை என் கையாலேயே அயோடினில் மூழ்கடித்தேன். அதே மண்ணிலிருந்து மீண்டும் ஐந்து முறை முயன்றும் அது கிடைக்கவில்லை.

அயோடின் கரைசலுக்கு 2 கிராம் பொட்டாசியம் அயோடைடைச் சிறிது நீரில் முதலில் கரைத்து, அதில் 1 கிராம் அயோடினைக் கரைத்த பின் 300 மில்லிலிட்டராக்கவும். வரிசை மாறினால் அயோடின் கரையாமல் அடியில் தங்கிவிடும். தட்டில் ஊற்றி ஒரு நிமிடம் கழித்து வடித்துவிட்டு உடனே அளக்கவும். மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகவும், முற்றிலும் வெட்டப்பட்ட இடம் நிறமற்றும், பாதி வெட்டப்பட்டு டெக்ஸ்ட்ரினாக நிற்கும் இடம் செம்பழுப்பாகவும் தெரியும். இந்தச் செம்பழுப்பு ஓரத்தைச் சிலர் ஒளிவட்டத்தோடு சேர்க்கிறார்கள், சிலர் விடுகிறார்கள். எதைச் செய்தாலும் எல்லாத் தட்டுகளிலும் ஒன்றையே செய்யவும். ஒவ்வொரு தொகுதியிலும் எதுவும் வைக்காத ஒரு தட்டும், அமைலேஸ் சுரப்பது உறுதியான பேசில்லஸ் சப்டிலிஸ் வைத்த ஒரு தட்டும், மாவுச்சத்தை வெளியே வெட்டாத எஷ்சரிசியா கோலை வைத்த ஒரு தட்டும் இருக்க வேண்டும்.

ஒளிவட்டத்தின் விட்டத்தைக் காலனியின் விட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தி, முதல் ஐந்து அல்லது ஆறை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லவும். இந்த எண், நொதி எவ்வளவு என்பதைக் கூறாது. மெதுவாக வளரும் சிறிய காலனி, வகுக்கும் எண் சிறியதாக இருப்பதனாலேயே முதலிடத்துக்கு வந்துவிடலாம்.

நொதியை அளத்தல்

அகார் இல்லாத அதே ஊடகத்தில், 37 டிகிரியில், நிமிடத்துக்கு 150 சுற்றுகளில் 48 மணி நேரம் வளர்த்து, குளிர்நிலையில் மையவிலக்கியில் சுழற்றி மேல்நீரை எடுக்கவும். இதுவே கச்சா நொதி. ஆல்ஃபா அமைலேஸுக்குக் கால்சியம் அயனி தேவை என்பதால், அயனியைப் பிடித்துக்கொள்ளும் சிட்ரேட் தாங்கல் கரைசலையும் ஈ.டி.டி.ஏ.வையும் தவிர்க்கவும்.

அளவீட்டுக்குப் பெரும்பாலோர் பயன்படுத்துவது டைநைட்ரோசாலிசிலிக் அமில முறை, சுருக்கமாக டி.என்.எஸ்., இன்று பலரும் பின்பற்றும் வடிவத்தை மில்லர் 1959இல் வெளியிட்டார். நொதி வெட்டியதால் உண்டாகும் ஒடுக்கும் சர்க்கரை, காரத்தில் கொதிக்க வைக்கும்போது மஞ்சள் நிற வினைப்பொருளைச் செம்பழுப்பாக்கும். அந்நிறத்தை 540 நானோமீட்டரில் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் படிக்கும். 0.5 மில்லிலிட்டர் 1 சதவீத ஸ்டார்ச் கரைசலுடன் 0.5 மில்லிலிட்டர் நீர்த்த நொதியைச் சேர்த்து, 37 டிகிரியில் சரியாக 10 நிமிடம் வைத்து, 1 மில்லிலிட்டர் டி.என்.எஸ். ஊற்றி நிறுத்தி, கொதிநீரில் 5 நிமிடம் வைத்து, ஆற்றி, எல்லாக் குழாய்களிலும் ஒரே அளவு நீர் சேர்த்துப் படிக்கவும். 0.1 முதல் 1.0 மில்லிகிராம் வரையிலான மால்டோஸ் என்னும் ஒடுக்கும் சர்க்கரை கொண்டு, நிற அளவைச் சர்க்கரை அளவாக மாற்ற உதவும் தரக்கோட்டை அதே நாளில், அதே டி.என்.எஸ். புட்டியிலிருந்து வரைய வேண்டும்.

இந்த முறை முழுவதிலும் அதிகமான பிழைகள் நேர்வது, நொதி வினை நடக்காமல் வைத்து அதன் நிறத்தைக் கழிக்கும் வெற்றுக் குழாயில்தான். பாக்டீரியா இரண்டு நாள் ஸ்டார்ச்சில் வளர்ந்திருப்பதால், மேல்நீரில் முன்பே மால்டோஸ் நிறைந்திருக்கும். அதைக் கழிக்காவிட்டால், உங்கள் நொதி வேலை செய்யாவிட்டாலும் எண் வரும். எனவே நொதியைக் கொதிக்க வைத்துச் செயலிழக்கச் செய்து வெற்றாகப் பயன்படுத்துமாறு பல செய்முறைக் குறிப்புகள் கூறுகின்றன. நானும் அவ்வாறே செய்து, வெற்றுக் குழாயே அடர்ந்த செம்பழுப்பாக வந்ததைக் கண்டு ஒரு வாரம் குழம்பினேன். பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் போன்றவற்றின் அமைலேஸ் 90 டிகிரிக்கு மேலும் வேலை செய்யக்கூடியது. தொழிற்சாலைகள் மாவுச்சத்தை நீர்மமாக்க அதை விரும்புவதே அதனால்தான். ஐந்து நிமிடக் கொதியை அது பொருட்படுத்தவில்லை. சரியான வெற்றுக்கு வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் ஸ்டார்ச், அடுத்து டி.என்.எஸ்., கடைசியில் நொதி. டி.என்.எஸ். கரைசலின் வலிமையான காரத்தில் நொதி ஒரு பிணைப்பையும் வெட்ட முடியாது. மேல்நீரின் பழைய சர்க்கரை மட்டும் நிறம் காட்டும். நொதி இல்லாத ஸ்டார்ச் குழாய் ஒன்றையும் உடன் வைக்கவும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். வெற்றைக் கழித்த பின் தரக்கோட்டில் 0.342 மில்லிகிராம் மால்டோஸ் என்று வருகிறது. மால்டோஸின் மூலக்கூறு எடை 342 என்பதால் அது 1 மைக்ரோமோல். 10 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 0.1, எடுத்த நொதி 0.5 மில்லிலிட்டர் என்பதால் மில்லிலிட்டருக்கு 0.2 அலகு (நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் சர்க்கரையை விடுவிப்பது ஓர் அலகு), நொதியை 20 மடங்கு நீர்த்திருந்தால் மூல மேல்நீரில் 4 அலகு. குழாயில் இருந்த 5 மில்லிகிராம் ஸ்டார்ச்சில் ஏறத்தாழ 7 சதவீதமே வெட்டப்பட்டிருக்கிறது என்பதையும் கவனிக்கவும். இது 10 சதவீதத்தைத் தாண்டினால் வினையின் வேகம் குறையத் தொடங்கியிருக்கலாம்; நொதியை மேலும் நீர்த்து மீண்டும் செய்யவும். 2, 4, 6, 10 நிமிடங்களில் எடுத்த அளவுகள் நேர்கோட்டில் விழுகின்றனவா என்று ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும். புரதத்தை 1976இல் வெளிவந்த பிராட்ஃபோர்டு முறையில் அளந்து, ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எத்தனை அலகு என்று தந்தால்தான் இரு பாக்டீரியாக்களின் மேல்நீரை ஒப்பிடுவதில் பொருள் இருக்கும்.

பெயர் சூட்டல்

கிராம் சாயமும் ஸ்போர் சாயமும் செய்த பின், 27எஃப், 1492ஆர் என்னும் பிரைமர்களால் (பெருக்கலைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்), பாக்டீரியாவை இனங்காண உதவும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவைப் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வை நகலெடுக்கும் முறை) மூலம் பெருக்கினால், அகரோஸ் ஜெல்லில் ஏறத்தாழ 1,500 கார இணை நீளத்தில் ஒற்றைப் பட்டை கிடைக்கும். டி.என்.ஏ. சேர்க்காத வெற்றுக் குழாயில் பட்டை வந்தால் அன்றைய வினை முழுவதையும் தள்ளிவிடவும். இரு முனைகளிலிருந்தும் வரிசை படித்து, முனைகளில் குழம்பிய பகுதியை வெட்டியபின் தரவுத்தளத்தில் ஒவ்வோர் இனத்தின் வகைமாதிரியோடும் ஒப்பிடவும். பேசில்லஸ் சப்டிலிஸ், அமைலோலிக்விஃபேசியன்ஸ், வெலசென்சிஸ் ஆகியவற்றின் 16எஸ் வரிசைகள் 99 சதவீதத்துக்கும் மேல் ஒத்தவை. எனவே பட்டியலில் முதலில் வந்த பெயரை அப்படியே எழுதாமல், சப்டிலிஸ் குழுவைச் சேர்ந்தது என்று எழுதவும். இனப் பெயர் தேவையெனில் இனங்களிடையே கூடுதலாக வேறுபடும் ஜி.ஒய்.ஆர்.பி. போன்ற மரபணுவையும் படிக்கவும்.

பாதுகாத்தலும் பாதுகாப்பும்

தேர்ந்தெடுத்ததை 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் குறைந்தது இரு இடங்களில் வைக்கவும். தரமானதாக இருந்தால் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. போன்ற நுண்ணுயிர்த் தொகுப்பகத்தில் ஒப்படைத்து எண் பெறலாம். மண்ணிலிருந்து எடுத்த பேசில்லஸ்களில் உணவை நஞ்சாக்கும் பேசில்லஸ் சீரியஸும் இருக்கக்கூடும் என்பதால், பெயர் உறுதியாகும்வரை எல்லாவற்றையும் நோய்க்கிருமியாகவே கருதிக் கையுறையுடன் கையாளவும். பயன்படுத்திய தட்டுகளை ஆட்டோகிளேவ் செய்த பிறகே அப்புறப்படுத்தவும். டி.என்.எஸ். கழிவைத் தொட்டியில் ஊற்றாமல், பெயரும் நாளும் எழுதிய தனிப் புட்டியில் சேர்த்து வைத்து, வேதிக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கவும்.